எங்கள் வீட்டுக்கு வந்த அக்ஸோரியஸ்

என் வலது கை மாவுக்கட்டில் இருந்த ஆடி மாதத்தில்தான் கல்கத்தாவிலிருந்து அந்த மெயில் வந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையின் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர், சாப்பிட்டு முடித்து, எனக்கும் ஊட்டி முடித்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி பக்கத்தில் நின்றார்.

எங்களுக்குச் சிவகாசியில், நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனி இருக்கிறது. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். உற்பத்தி அண்ணன் பொறுப்பு. வெளியூர் வியாபாரிகள் என் கணவர் பொறுப்பு. அவருக்கு இந்தி சரளமாக வரும். இங்கிலீஷ் பேசிச் சமாளிப்பார், எழுத வராது. எழுதுவது என் வேலை. நான் விருதுநகரில் இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு ஆர்டர் கடிதங்களுக்குத்தான் பயன்பட்டது. கடிதத்தின் அடியில் கம்பெனி பெயரை மட்டும் போடுவேன். என் பெயரைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதனால் எனக்கு வந்த பதில்கள் எல்லாமே ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் தொடங்கின.

அந்தக் கல்கத்தா வியாபாரி வயதானவர். பல வருஷப் பழக்கம், ஆனால் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய இங்கிலீஷ் பழைய காலத்துக் கோட்டு சூட்டு மாதிரி இருக்கும். லோடு இரண்டு நாள் தாமதமானால் மற்றவர்கள் திட்டி எழுதுவார்கள். இவர் மழையையும் சாலைகளையும் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். ஒவ்வொரு மெயிலிலும் எனக்குத் தெரியாத ஒரு சொல்லாவது இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாருக்கும் புரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

வழக்கமாக ஆடியில் என் கணவர் வடக்கே போய் வியாபாரிகளைப் பார்த்து, தீபாவளி சீசனுக்கு ஆர்டர் பேசிவிட்டு வருவார். பதினைந்து நாள் ஆகும். இந்த முறை போகவில்லை. ‘எங்கள் முதலாளியின் மனைவிக்குக் கை முறிந்துவிட்டதால் அவரால் வர இயலாது. அவருக்குப் பதிலாக அவருடைய அண்ணன் வருவார்’ என்று எல்லோருக்கும் நான்தான் எழுதினேன். முதலாளியின் மனைவி என்று என்னைப் பற்றி நானே எழுதும்போது, யாரோ தெரிந்த பெண்ணுக்காகப் பரிதாபப்படுகிறவள் மாதிரி இருந்தது.

அதற்குத்தான் கல்கத்தாக்காரர் பதில் எழுதியிருந்தார். அம்மையார் விரைவில் குணமடைய வேண்டும். அண்ணனை வரவேற்கக் காத்திருக்கிறேன். தங்களுடைய அக்ஸோரியஸ் முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அக்ஸோரியஸ். யு எழுத்தில் தொடங்கி, இரண்டாவது எழுத்தே எக்ஸ். எம்.ஏ. படித்தபோது எங்கேயோ கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. பொருள் நினைவில்லை.

“என்ன போட்டிருக்காரு?” என்று கேட்டார் கணவர்.

“இருங்க, பாத்துச் சொல்றேன். அந்தத் தடிப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்.”

போனில் பார்த்திருக்கலாம். ஆனால் அகராதி என்றால் எனக்குக் காலேஜில் வாங்கிய அந்தப் புத்தகம்தான். அவர் அலமாரியிலிருந்து எடுத்து வந்து, ஒரு கையால் என்னால் தூக்க முடியாது என்று தானே கட்டிலில் விரித்து, நான் சொல்லச் சொல்லப் பக்கங்களைத் தள்ளினார். யு வரிசையின் கடைசியில் இருந்தது. மனைவி என்று பொருள்படும் ‘அக்ஸோர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த நான்கு சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதலாவது, மனைவிக்கு உரிய என்று சும்மா பொருள் சொன்னது. அடுத்தது, மனைவியைக் கொல்லுதல். அதற்கு அடுத்தது, கல்யாணமான ஆண் மனைவி வீட்டாரோடு போய் வசிப்பது. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்கிறோமே, அதற்கு இவ்வளவு கம்பீரமான சொல்லா என்று சிரிப்பு வந்தது. கடைசியில் அக்ஸோரியஸ். மனைவிமேல் அளவுக்கு மிஞ்சிய பிரியம் உள்ளவன், அவள் சொன்னபடி ஆடுகிறவன்.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “எக்ஸ் இருக்கே. தப்புன்னு அர்த்தமா?”

என் முகம் சூடானது எனக்கே தெரிந்தது. “இல்ல. குடும்பப் பொறுப்புள்ளவரு, அப்படின்னு எழுதியிருக்காரு” என்றேன்.

“பாத்தியா, கல்கத்தாவுல இருக்கிற மனுசனுக்குத் தெரியுது” என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

நான் ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதற்கு, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று தூறல் விழுந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. விருதுநகர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்த்து, முழங்கைக்கு மேல் வரை கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது. எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பரீட்சை நேரம். வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலையில் என் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. நர்ஸிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவர் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாங்கி வந்து, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு பின்னிவிட்டார். எங்கே கற்றுக்கொண்டார் என்று ஆச்சரியமாக இருந்தது. கேட்டேன்.

“சரவெடி பின்னுறதுதான். சின்ன வயசுல லீவு விட்டா எங்கப்பா கம்பெனியில உக்கார வச்சிருவாக.”

“அதான் இந்த இறுக்கு இறுக்குறீக. நான் என்ன பத்தாயிரம் வாலாவா?”

“அவுந்துறக்கூடாதுல்ல” என்றார், ரொம்பவும் கவனமாக.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் அவரே பின்னினார். சோறு பிசைந்து ஊட்டினார். சேலை கட்டுவதில் மட்டும் தோற்றுப்போனார், நான் நைட்டிக்கு மாறினேன். நாங்கள் இருப்பது கூட்டு வீடு. கீழே கணவரின் அண்ணன் குடும்பம், மேலே நாங்கள், சமையல் கீழே பொதுவில். கணவரின் அண்ணனை நான் அத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். எங்கள் வீட்டில் ஒரு ஆண் தன் தட்டைத் தானே கழுவியதை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில், காலையில் மாடிக் கதவு திறந்திருக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, என் கணவர் பின்னால் நின்று பின்னல் போட்டுக்கொண்டிருப்பதை அக்கா பார்த்துவிட்டார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அக்கா கெட்டவர் இல்லை. மூட்டு வலியோடு இருபது பேருக்குச் சமைத்துப் போட்டவர். ஆனாலும் சிரித்துக்கொண்டே, “ஏ புள்ள, நல்லா வேலை வாங்குற” என்றார். வந்து போகிறவர்கள் பொண்டாட்டி தாசன் என்றார்கள். வடக்கே போக மாட்டேன் என்று என் கணவர் சொன்ன அன்று அத்தான் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

“ஏலே, கைதான ஒடிஞ்சிருக்கு? உசுரா போச்சு? எனக்கு இந்தியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நான் போயி அங்கன என்னத்தப் பேச?”

“ஒரு டம்ளரத் தூக்க முடியாம கெடக்கா. நான் போகல. நீங்க போயிட்டு வாங்கண்ணே.”

அண்ணன் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்ட எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைக்க மாட்டேன். இந்தச் சமயத்தில் கல்கத்தாவிலிருந்தும் அதே வசவு, லத்தீனில் வந்து நின்றால் எப்படிச் சொல்வது? அதனால்தான் மாற்றிச் சொன்னேன்.

பொய் மூன்றாம் நாள் வெளியே வந்தது. அத்தான் பயணத்துக்காகக் கம்பெனி மேனேஜர் எல்லா மெயில்களையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டிருக்கிறார். அத்தான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொன்னாராம். மேனேஜர் தெரியாத இடங்களில் போனைப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறார். கல்கத்தா மெயில் வந்ததும் என் கணவரே ஆர்வமாக, “அதுல என்னையப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்காரு, அதப் படிங்க” என்று சொல்லியிருக்கிறார். போன் சொன்னதை மேனேஜர் அப்படியே வாசித்துவிட்டார். பெண்டாட்டி மீது அளவு கடந்த மோகம் கொண்ட முதலாளி. ஆபீஸில் ஐந்தாறு பேர் இருந்திருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லையாம். அத்தான் மட்டும், “கல்கத்தா வரைக்கும் போயிருச்சா” என்றாராம்.

அன்று மதியம் என் கணவர் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய் ஊட்டிவிட்டுக் கேட்டார்.

“ஏன் மாத்திச் சொன்ன?”

“நீங்க வருத்தப்படுவீகன்னுதான்.”

“இப்ப வருத்தப்படலயாக்கும்?”

அவர் அடுத்த உருண்டையை உருட்டியபடி யோசித்தார். “அளவுக்கு மிஞ்சின்னு போட்டிருக்கானுகளே. அளவு எம்புட்டுன்னு அதுல போட்டிருக்கா?”

“இல்ல.”

“அதானே” என்றார். அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

விடவில்லை. மறுநாள் காலை சீப்பை எடுத்தவர், முதலில் போய் மாடிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் அப்படிப் பின்னினார். மூன்றாம் நாள், என் முகத்தைப் பார்க்காமல், “வேலைக்கு வர்ற அக்காவப் பின்னிவிடச் சொல்லட்டா?” என்று கேட்டார். நான் சரி என்றேன். அந்த அக்கா என்னைவிட மூத்தவர், கைப்பழக்கம் உள்ளவர். ஐந்தே நிமிஷத்தில் வலிக்காமல், நேராக வகிடெடுத்து, அழகாகப் பின்னிவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கை வலிக்கிறது என்று அந்த அக்காவிடம் சொன்னேன்.

கல்கத்தாக்காரர்மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நான் தேடித் தேடி ரசித்த சொற்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து எனக்குத் துரோகம் செய்த மாதிரி இருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? அன்று மதியம் படுத்துக்கொண்டு போனில் அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். அகராதி லத்தீனோடு நின்றுவிட்டது. போனில் இன்னும் பின்னால் போக முடிந்தது. அக்ஸோர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் சில அறிஞர்கள் ஒரு ஊகம் சொல்கிறார்கள். அது இரண்டு மிகப் பழைய துண்டுகள் சேர்ந்ததாம். ஒன்று, பழகிக்கொள்ளுதல். இன்னொன்று, பெண். கல்யாணமாகிப் போன வீட்டுக்குப் பழகிக்கொள்கிறவள். அதுதான் மனைவி.

நான் அதை நாலைந்து முறை படித்தேன். நம் மொழியில் மனைவி மனையிலிருந்து வருகிறாள், இல்லாள் இல்லத்திலிருந்து வருகிறாள். வீடு ஏற்கெனவே அவளுடையது என்கிற மாதிரி. இந்தச் சொல்லில்தான் அவள் முதல் நாள் வாசலில் வந்து நிற்பது தெரிகிறது என்று எனக்குப் பட்டது. எவ்வளவு காலத்துக்கு முன்னால், எந்த ஊரில், எந்தப் பெண் புது வீட்டில் எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றதை யார் பார்த்து இந்தச் சொல்லைச் செய்தார்களோ.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அத்தான் அதற்கு முந்தைய நாள்தான் கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் இதைச் சொன்னேன். போனைக் காட்டி, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை.

“நீ பளகிட்டியா?” என்றார் அவர்.

“எதுக்கு?”

“இங்கன. இந்த வீட்டுக்கு. இருவத்திரெண்டு வருசம் ஆச்சே.”

என் பிறந்த வீடு ஆமத்தூர்ப் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்திலிருந்து வந்தவளுக்குப் பழக என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். வந்த புதிதில் சாப்பாட்டு நேரம் பழகவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவோடு சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே ஆண்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று மணிக்கு ஆறிப்போன குழம்பு. ஒரு வருஷம் மத்தியானமெல்லாம் தலைவலி. பிறகு பழகிவிட்டது. சோதனைக்கு வெடி போட்டுப் பார்க்கும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும். அதுவும் பழகிவிட்டது. அவர் சட்டையில் ஒட்டி வரும் மருந்து வாடை முதலில் குமட்டியது. பிறகு அந்த வாடை இல்லாவிட்டால் அவர் வீட்டில் இல்லை என்று ஆகிவிட்டது.

“அப்ப எல்லாம் பளகிருச்சு.”

“ஒண்ணு மட்டும் பளகல” என்றேன். “சைரன்.”

அவருக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டால் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் போனை எடுப்பார்கள். நான் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று காதால் கேட்டுக்கொண்டே அவர் நம்பரை அழுத்துவேன். அவர் ‘இருக்கேன்’ என்று ஒரு சொல் சொல்வார். நான் வைத்துவிடுவேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. அவர் எடுக்காமல் விட்டது ஒரு தடவைகூட இல்லை.

“அப்ப உனக்கு என்ன பேரு?” என்றார்.

“எனக்கா?”

“பொண்டாட்டி மேல அளவுக்கு மிஞ்சிப் பிரியமா இருந்தா அதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கானுகள்ல. புருசன் மேல பிரியமா இருந்தா என்ன வார்த்தை?”

அதையும் நான் தேடியிருந்தேன். “யாரோ ஒருத்தரு எப்பவோ ஒண்ணு உண்டாக்கிப் பாத்திருக்காரு. ஒட்டல. யாரும் சொல்றதில்ல.”

“ஏன்?”

“பொம்பளைக்கு அது அளவு மிஞ்சாதுன்னு நெனச்சிருப்பாக. எம்புட்டு இருந்தாலும் அதுதான் அளவுன்னு.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “மூணு மணிக்குச் சாப்பிட்டத எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே” என்றார். பிறகு, “நானும் கேக்கலதான்” என்றார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து சீப்பைத் தேடினார். வேலைக்கு வரும் அக்கா அதை வேறு இடத்தில் வைத்திருந்தார். தேடி எடுத்துக்கொண்டு வந்து, காலையில்தான் பின்னிய பின்னலை அவிழ்த்து, மறுபடி தன் இறுக்கத்தில் பின்னினார். மாடிக் கதவு அகலத் திறந்தே கிடந்தது. வலித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கல்கத்தாக்காரருக்குப் பதில் எழுதினேன். ஒற்றை விரலால் எழுதியதால் ஒரு மணி நேரம் ஆனது. நீங்கள் இத்தனை வருஷம் ஐயா என்று எழுதியது எனக்குத்தான், நான் ஐயா அல்ல, கை முறிந்த அந்த அம்மையாரே நான்தான், உங்கள் சொல்லை அகராதியில் பார்த்துவிட்டேன் என்று எழுதினேன். கடைசியில் கம்பெனி பெயருக்கு மேலே என் பெயரைப் போட்டேன். கோபமாக ஒரு வரியும் எழுதியிருந்தேன். அனுப்பும் முன் அதை அழித்துவிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த மெயிலில் கோட்டு சூட்டு எதுவும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். வெட்கப்படுகிறேன், மன்னிக்கவும் என்று இருந்தது. அந்தச் சொல் ஏளனமாக எழுதப்பட்டதல்ல. என் சிநேகிதர்கள் நாற்பது வருஷம் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் மனைவிக்கு மீன் முள் எடுத்துக் கொடுப்பேன், அதைப் பார்த்து வைத்த பெயர். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. உங்கள் கணவர் வரவில்லை, காரணம் இது என்று படித்ததும், நம் ஆள் ஒருவர் தெற்கே இருக்கிறார் என்று தோன்றியது. அதனால் எழுதிவிட்டேன்.

நான் அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். மீன் முள் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, “மேல படி” என்றார். முடித்ததும், “அடுத்த வருசம் போறப்ப அவரு வீட்டுக்குப் போகணும். நீயும் வா” என்றார்.

பதினைந்து நாள் என்று போன அத்தான் இருபது நாள் கழித்து வந்தார். இந்தி தெரியாமலே சமாளித்திருக்கிறார். ஆர்டர் ஒன்றும் குறையவில்லை. வந்த அன்று குளித்துச் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு வழக்கப்படி அவர் என்னிடம் நேராகப் பேச மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பியிடமோ அக்காவிடமோ சொல்வார். நானும் அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அன்று எழுந்திருக்கப் போனவளைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கல்கத்தாவுல அந்தப் பெரியவரு, கடைக்குள்ள கால வச்ச உடனே, சரக்கப் பத்திக் கேக்கல. தம்பி சம்சாரத்துக்கு எந்தக் கை, இப்ப எப்படி இருக்குன்னு கையத் தொட்டுக் காட்டிக் கேட்டாரு. எனக்குத் தெரியல.” தலையைக் குனிந்துகொண்டார். “ஒரே வீட்டுல இருக்கோம். எந்தக் கைன்னு தெரியல. வெக்கமாப் போச்சு.”

“வலது கை, அத்தான்” என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் சொற்கள் அவைதான் என்று நினைக்கிறேன்.

“வலி இருக்கா?”

“இப்ப இல்ல.”

தலையை ஆட்டினார். கட்டைப் பார்த்தார். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், “சரி, நல்லாச் சாப்பிடு தாயி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்காக வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் அவர் தட்டை அக்காதான் எடுக்கிறார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நானும் அக்காவும் ஒன்றரை மணிக்கே உட்கார்ந்துவிடுகிறோம். முதல் நாள் என் கணவர் வந்து, “அண்ணி, நீங்களும் உக்காருங்க, நாங்களே போட்டுக்கிடுறோம்” என்றபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இது உன் வேலையா என்ற கேள்வி இருந்தது. இருந்தும் உட்கார்ந்தார். மூட்டு வலி அவருக்கு.

ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். சீசன் உச்சத்தில் இருந்தது. தினமும் லோடு ஏறிக்கொண்டிருந்தது. டிரைவரை அனுப்பட்டுமா என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, தானே காரை எடுத்தார். விருதுநகர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளேயிருந்து வந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, சூடாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். மணிக்கட்டு முழுதாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் குறை இருந்தாலும் இருக்கும் என்றார்.

திரும்பி வரும்போது, ஆமத்தூர் விலக்கு வந்ததும், நான் கேட்காமலே வண்டியைத் திருப்பினார். என் அண்ணன் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். மதினி அவசர அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

“வராத மாப்ள வந்திருக்கீக. ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும்” என்றான் அண்ணன்.

“லோடு போய்க்கிட்டிருக்கு மச்சான். சாப்பிட்டு உடனே கெளம்பணும்.”

வெந்தயக் குழம்பும் கருவாடும் போட்டார்கள். சாப்பிட்டு முடித்து, கொஞ்சம் சாய்கிறேன் என்று உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தவர், ஃபேன் காற்றில் அப்படியே தூங்கிப்போனார். இத்தனை வருஷத்தில் என் பிறந்த வீட்டில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. விசேஷத்துக்கு வருவார், நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு வைத்து, களைத்துப்போன தூக்கம். ஆறு வாரமும் அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம். அவர் தலைமாட்டில் கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. மேனேஜர். சத்தம் வருவதற்குள் சட்டென்று எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“மேடம், சார் இருக்காகளா? லாரி வந்து நிக்குது. எந்த லோட முதல்ல ஏத்தணும்னு கேக்கணும்.”

“அவுக தூங்குறாக.”

“கொஞ்சம் அர்ஜென்ட்டு மேடம்.”

“பெரிய முதலாளியக் கேட்டு ஏத்துங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க. இப்ப எழுப்ப மாட்டேன்.”

“சரிங்க மேடம்” என்றார் மேனேஜர். நான் அந்த ஒரு மணி நேரத்துக்குப் போனை ஆஃப் செய்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டேன்.